ஊரெல்லாம் பாடிய என் சிந்து

நான் எழுதியவற்றில் பிறர் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய பாட்டு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவன் நான் என்பது இதுவரை மூன்று பேருக்குத்தான் தெரியும். இப்போது உங்களுக்கும் தெரியப்போகிறது. பாட்டை மட்டும் இங்கே எழுத மாட்டேன்.

பந்தல்குடியைத் தாண்டி, தூத்துக்குடி ரோட்டோரத்தில் இருக்கும் ஒரு எடைமேடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். லாரி காலியாக வந்து ஏறும்போது ஓர் எடை. லோடு ஏற்றிக்கொண்டு வந்து ஏறும்போது இன்னோர் எடை. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துச் சீட்டு அடித்து ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். விறகு, கரி, மக்காச்சோளம், பருத்தி, ஜல்லி என்று எதுவும் வரும். இரண்டு லாரிகளுக்கு நடுவே சில நாள் கால் மணி நேரம் சும்மா கிடைக்கும், சில நாள் ஒரு மணி நேரம். அந்த நேரத்தில்தான் நான் கவிஞனாகப் பார்த்தேன்.

எடைமேடையில் அப்போது இன்னொருவரும் இருந்தார். வெளியே நின்று லாரியை மேடையில் சரியாக ஏற்றி நிறுத்துகிறவர். ஒரு சக்கரம் வெளியே நின்றாலும் எடை தப்பிவிடும். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். திருச்சுழிக்கு அப்பால் ஒரு கிராமம் அவருக்கு. காலையில் முதல் பஸ்ஸில் அருப்புக்கோட்டை வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வருவார். அவருடைய அப்பா அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்தவர். இவர் இங்கே சேரும்வரை கருவேல மரம் வெட்டி, மண்ணால் மூடி எரித்துக் கரியாக்கும் மூட்டத் தொழிலில் இருந்தார். நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை சாரு என்பார். நான் நாற்காலியிலும் அவர் வெயிலிலும் இருந்ததால் வந்த மரியாதை அது. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

அவருக்குத் திக்குவாய். அவர் பேசியதையெல்லாம் இங்கே திக்கல் இல்லாமல்தான் எழுதுகிறேன். அந்தத் திக்கலை ஒரு தடவை எழுதிக் காட்டியவன் நான். அது போதும்.

நாற்பது வயதை நெருங்கியபோது, கூடப் படித்த நண்பன் ஒருவன் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். மரபுக் கவிதை பயிலும் குழு. வாரம் ஒரு பாடம், வாரம் ஒரு பயிற்சி. நடத்தியவர் எங்கோ வெளியூரில் இருந்தார்; முகம் பார்த்ததில்லை. நேர், நிரை, தேமா, புளிமா என்று வரும் குறிப்புகளை வீணாய்ப்போன எடைச்சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி எழுதிப் பார்ப்பேன்.

எனக்கு அதில் வெறி பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. நாங்கள் அருப்புக்கோட்டையில் நெசவுக்காரக் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். ஆறாம் வகுப்பில் செய்யுள் ஒப்பிக்கும்போது ஒரு சொல்லை வீட்டில் பேசுகிற இழுப்பில் இழுத்துவிட்டேன். வகுப்பே அதைத் திருப்பிச் சொல்லிச் சிரித்தது. அந்த வருடம் முழுக்க எனக்கு அதுவே பட்டப்பெயர். தளை தட்டாமல் ஒரு வெண்பா எழுதிவிட்டால் என் தமிழை இனி எவனும் குறை சொல்ல முடியாது என்று நாற்பது வயதில் தோன்றியது. ஏளனம் எப்படி இருக்கும் என்று தெரியாமல் நான் பின்னால் சொல்லப்போகும் காரியத்தைச் செய்யவில்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

முதலில் தேறியது ஒரு குறள் வெண்பா.

பொட்டல் வெளியெங்கும் பூத்த கருவேலம்
வெட்டக் குறையா வினை.

குழுவில் "தளை சரி. எதுகை, மோனை நன்று" என்று பதில் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு லாரிக்காரர் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஜன்னல் பக்கம் தண்ணீர் குடிக்க வந்த அண்ணனைப் பிடித்து நிறுத்தி வாசித்துக் காட்டினேன்.

இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். பிறகு, "அந்த மரத்துல பூவ யாரு சாரு தேடுனா? முள்ளுதான் எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

"மோனைக்கு வேணும்ணே. மொதச் சீர்ல 'பொ', மூணாஞ் சீர்ல 'பூ'."

"சரி. அதென்ன வினைன்னு சொல்லிருக்கீக?"

"வெட்ட வெட்ட வளருதுல்ல. நெலத்தடித் தண்ணியெல்லாம் உறிஞ்சிருது. அதான் வினை."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "எங்க வீட்ல அதுதான சாரு சோறு. மூட்டம் போட்டுத்தான் ரெண்டு மக்களயும் ஸ்கூலுக்கு அனுப்புனேன்."

"கவிதைல அப்படி வராதுண்ணே" என்றேன்.

அவர் மேடைக்குத் திரும்பிப் போனார். ஆனால் அடுத்த வாரமும் வந்து கேட்டார். அதற்கடுத்த வாரமும். என் வீட்டில் என் மனைவிக்கு என் வெண்பாக்கள் மேல் அக்கறை கிடையாது. குழுவில் ஆளுக்கொரு கைதட்டல் படம் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நின்று காதுகொடுத்துக் கேட்டது அவர் ஒருவர்தான். தப்பென்று பட்டால் சொல்வார். நான் ஒருநாளும் திருத்தியதில்லை.

ஒரு நாள் அவருக்கு யாப்பைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். எழுத்து சேர்ந்தால் அசை, அசை சேர்ந்தால் சீர், சீர் சேர்ந்தால் அடி என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "எனக்கு எழுத்துலயே நின்னுபோகுதே சாரு" என்றார்.

பிறகு அவராகவே சொன்னார். எல்லா எழுத்திலும் அவருக்குத் திக்காது. சொல்லின் முதலில் 'ப' வந்தால் சிக்கும். 'க' வந்தால் சில நாள் சிக்கும், சில நாள் விட்டுவிடும்.

"அதான் நான் லாரிக்காரகள்ட்ட 'போதும்'னு சொல்றதில்ல, 'நிறுத்து'ம்பேன். 'கொஞ்சம்'னு வராது, 'லேசா'ம்பேன். அந்தச் சொல்லு வர்றது தூரத்துலயே தெரிஞ்சிரும். ஒடனே ஸ்டீரிங்க ஒடிச்சு வேற சொல்லுக்குப் போயிருவேன். எம் மகளப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 'ப'வுல ஆரம்பிக்கிற பேரு, எங்க மாமனாரு வச்சது. தாயின்னு கூப்பிடுவேன். எல்லாரும் பிரியத்துல சொல்றேன்னு நெனைக்கிறாக."

"இத யார்ட்டயும் சொன்னதில்லையாண்ணே?"

"சொன்னா நான் மாத்துறது தெரிஞ்சிரும்ல? உங்கள்ட்டதான் சொல்றேன். நீங்க எழுத்து, அசைன்னு சொன்னீகள்ல, அதான்."

அவர் போன பிறகு எனக்குள் ஓடிய நினைப்பு இதுதான்: இதை ஒரு கவிதையில் வைக்கலாம். வேறெதுவும் தோன்றவில்லை. பாவம் என்றுகூடத் தோன்றவில்லை.

அடுத்த ஒரு வருடம் நான் ஒவ்வொரு வடிவமாகத் தாவினேன். நேரிசை வெண்பா எழுதினேன். கட்டளைக் கலித்துறையில் புள்ளி எழுத்தை நீக்கிவிட்டு எழுத்தெண்ண வேண்டும். எண்ணி எண்ணி ஒரு மக்காச்சோள லாரிக்குக் காலி எடையை மாற்றிப் போட்டு, முதலாளியிடம் ஏச்சு வாங்கினேன். அந்தாதி தொடங்கிப் பதினோராம் பாட்டில் நின்றுபோனது. மரபு சரிவரவில்லை என்று ஹைக்கூ பக்கம் போனேன். எடைமேடை, லாரி போன வெறுமை, அதன்மேல் ஒரு தும்பி என்று மூன்று வரி எழுதினேன். எங்கள் மேடையில் தும்பியை நான் கண்டதே இல்லை. எல்லோரும் தும்பியை வைத்தே எழுதினார்கள், நானும் வைத்தேன். புதுக்கவிதை எழுதியபோது வரிகளை எங்கே உடைப்பது என்று தெரியவில்லை. மூச்சு முட்டும் இடத்தில் உடைத்தேன். எதுவும் யார் மனதிலும் நிற்கவில்லை. எழுதிய எனக்கே மறுநாள் ஞாபகம் இருக்காது.

அப்போதுதான் குழுவில் சிந்துப் பாடம் வந்தது. அதில் பல வகை. ஒன்றுக்கு நொண்டிச் சிந்து என்று பெயர். இடறி இடறி நடப்பது போன்ற நடை. அடியின் நடுவே ஒரு சொல் தனியாக நின்று, மூச்சு வாங்கி, மறுபாதி தொடங்கும். அந்த வாரப் பயிற்சி, நகைச்சுவையாக எழுத வேண்டும் என்பது. என்னென்னவோ யோசித்தும் ஒன்றும் பிடிபடவில்லை. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். அவர் வெளியே ஒரு கரி லாரியை மேடையில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் எட்டு அடியும் வந்துவிட்டன. அதுவரை எனக்கு எதுவும் அப்படி வந்ததில்லை. முதலெழுத்து மூன்று தடவை திரும்பி வந்தால் ஒரு சீர் தானாக நிரம்பிவிடுகிறது. திக்கலே தாளமாகிவிட்டது. 'ப'வில் மாட்டிக்கொண்டு நிற்கும் ஒருவர், அவர் 'நிறுத்து' என்று சொல்லை மாற்றுவதற்குள் மேடையைத் தாண்டி ஊருக்கே போய்விடும் ஒரு லாரி. அவர் எனக்குச் சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. எனக்கே சிரிப்பு அடங்கவில்லை.

குழுவில் போடவில்லை. தரக்குறைவு என்பார்களோ என்ற பயம். ஆனால் யாரிடமாவது காட்டாமல் இருக்கவும் முடியவில்லை. அடுத்து வந்த லாரியின் டிரைவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், முப்பது வயதிருக்கும், கலகலப்பான ஆள். சீட்டு வாங்க வந்தவரிடம் தாழ்ந்த குரலில் வாசித்துக் காட்டினேன். அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அண்ணே, இன்னொரு தடவ வாசிங்க. ரெக்கார்டு பண்ணிக்கிடுதேன்."

"என் கொரலு வேணாம். நீங்க பாடிக்கிருங்க. என் பேரும் வெளிய வரக்கூடாது."

இந்த வாக்கியத்தை நான் அன்றைக்குச் சொன்னேன் என்பதை எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். விளையாட்டாகச் செய்தேன், தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொள்ளப் பார்த்தபோதெல்லாம் அது குறுக்கே வந்து நின்றது. தெரியாதவன் பெயரை மறைப்பானா?

டிரைவர் அதை ஸ்டீரிங்கில் தாளம் தட்டிப் பாடி டிரைவர்கள் குழுவில் போட்டார். பத்துப் பதினைந்து நாளில் அது ரோடு முழுக்கப் பரவிவிட்டது. லாரி மேடைக்கு வரும்போதே அந்தத் தாளத்தில் ஹாரன் அடிப்பார்கள். பந்தல்குடி டீக்கடையில் முன்பின் தெரியாத ஒருவர் அதை முணுமுணுத்துக்கொண்டு பஜ்ஜி தின்றார். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஒரு வருடம் வெண்பாவோடு மல்லுக்கட்டியும் கிடைக்காதது எட்டே அடியில் கிடைத்துவிட்டது. ஓர் இடத்தில் யாரோ ஒரு சொல்லை மாற்றிப் பாடியிருந்தார்கள். மோனை கெட்டுப்போனதே என்றுதான் அன்று வருந்தினேன்.

அவர் முன்னால் ஒரு டிரைவர் அதை முதன்முதலாகப் பாடியதும் எனக்கு நினைவிருக்கிறது. லாரி மேடையில் ஏறும்போது, கேபினிலிருந்து தலையை நீட்டிப் பாடினார். அண்ணன் முதலில் புரியாமல் நின்றார். பிறகு கூட நின்றவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். சிரித்தபடியே என் ஜன்னல் பக்கம் திரும்பினார். நான் குனிந்து கம்ப்யூட்டரில் எதையோ தட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை அமைந்தது. வீரசோழன் பக்கத்துக் குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டில் நிச்சயம். என்னையும் கூப்பிட்டிருந்தார். திருச்சுழியில் இறங்கி வேறு பஸ் மாறிப் போனேன். வீட்டு முன்னால் பந்தல் போட்டு நாற்காலி வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் நடுவில் ஓர் இடத்தில் உட்கார்ந்தேன்.

தட்டு மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எழுந்து, "பொண்ணோட அப்பா தட்டப் பிடிச்சுக்கிட்டு, பொண்ணு உங்களுக்கு, மாப்பிள எங்களுக்குன்னு சபையறியச் சொல்லணும். மூணு தரம்" என்றார்.

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. பொண்ணு. அந்தச் சொல்லை மாற்றிக்கொண்டு போக வழியே இல்லை. பெரியவர் எடுத்துக்கொடுத்ததை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். அவர் புது வேட்டி சட்டையில், தட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். உதடு சேர்ந்தது. திறக்கவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. பின்வரிசையிலிருந்து யாரோ அந்த மெட்டை மெல்ல முனகினார்கள். இன்னொருவர் நடுவில் நிற்கும் அந்தத் தனிச்சொல்லைச் சரியாக இடம் பார்த்துப் போட்டார். பெரிய சிரிப்பில்லை, நாலைந்து பேர்தான் சிரித்தார்கள். வாசல்படியில் பட்டுச் சேலையோடு நின்றிருந்த அவருடைய மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பக்கத்தில் இருந்தவர் என் முழங்கையை இடித்தார். "ஒரு பாட்டுச் சுத்துதுல்ல, அது இவரப் பத்தினதுதானாம். தெரியுமா உங்களுக்கு?"

நான் சிரித்தேன். என்ன செய்வதென்று தெரியாமல் வந்த சிரிப்பு என்று சொல்லலாம். ஆனாலும் சிரித்தேன்.

கடைசியில் பெண்ணின் தாய்மாமன் தட்டைக் கையில் வாங்கி அந்த வார்த்தைகளைச் சொன்னார். பெற்றவர் ஓரமாக நின்றார். சாப்பாட்டுப் பந்தியில் அவர் என் இலைக்கு அருகே வந்து, பரிமாறுகிறவரைக் கையால் அழைத்து, எனக்கு இன்னும் இரண்டு வடை வைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். நான் அந்த வடைகளைத் தின்றேன்.

மறுநாள் திங்கட்கிழமை. முதல் லாரி வந்தபோது விசில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு, அதில் ஒரு விசில். நீளமாக ஊதினால் வா. இரண்டு தரம் ஊதினால் நில். லேசாகப் பின்னால் போக வேண்டுமானால் கையைக் காட்டிவிட்டு ஒரு சின்ன ஊதல். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "இது நல்லாருக்கே, மொதல்லயே தோணாமப் போச்சே" என்றார்.

அன்றிலிருந்து அவர் என் ஜன்னலுக்கு வரவில்லை. தண்ணீரை வீட்டிலிருந்தே பாட்டிலில் கொண்டு வந்தார். நான் எதையும் வாசித்துக் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருமோ அத்தனை தரம் அந்த விசில் சத்தம் என் அறைக்குள் வந்துபோனது.

அந்தத் தூத்துக்குடி டிரைவருக்குப் போன் செய்து, பாட்டை அழித்துவிடச் சொன்னேன்.

"நான் அன்னைக்கே அழிச்சிருப்பேன்ணே, நீங்க சொல்லியிருந்தா. இப்பம் அது எங்கெங்கயோ போயிட்டு. யாருட்டன்னு போயிச் சொல்ல?" என்றார். அவர் குரலிலும் பழைய கலகலப்பு இல்லை. நிச்சய வீட்டில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது.

வீட்டில் என் மனைவியிடம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த மனுஷன் உங்களுக்கு என்ன செஞ்சாரு?" என்று தெலுங்கில் கேட்டாள். பிறகு, "போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அதற்கும் ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு போவேன். சாயங்காலம் சொல்லாமல் திரும்புவேன். ஒரு நாள் உச்சி வெயிலில் லாரியே இல்லை. அவர் மேடையின் மறுபக்கம் ஓலைச் சார்ப்புக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நான் அறையை விட்டு இறங்கி அவரிடம் நடந்து போனேன். அத்தனை வருடத்தில் நானாக அவர் இடத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"அண்ணே, அந்தப் பாட்டு நான் எழுதுனதுண்ணே."

அவர் திரும்பவில்லை. "தெரியும்."

"எப்ப இருந்து?"

"மொத நாளே தெரியும். நான் 'நிறுத்து'ன்னு மாத்திச் சொல்றது எதுக்குன்னு ஊரு உலகத்துல ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். எங்க வீட்ல உள்ளவளுக்கே அந்தப் பாட்டக் கேட்டுத்தான் தெரிஞ்சிச்சு. எம் மக வந்து கேக்குறா, அதனாலதான் என்னையத் தாயின்னு கூப்பிடுறீகளான்னு."

"ஏண்ணே என்ட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேக்கணும்னா நான் வாயத் தெறக்கணும்ல சாரு. தெறந்தா அடுத்த பாட்டு வரும்."

நான் மன்னித்துவிடுங்கள் என்றேன். இரண்டு மூன்று தடவை சொன்னேன். அவர் தரையில் கிடந்த கரித்துண்டு ஒன்றைக் காலால் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"நல்லாத்தான் எழுதிருக்கீக" என்றார் பிறகு. "அதான் வலிக்குது. இத்தன நாளு என்னென்னமோ எழுதி வாசிச்சீகளே, அதுல ஒண்ணாச்சும் இப்படி வந்துச்சா? இதுக்கு மட்டும் எப்படி வந்துச்சு?"

பதில் என்னிடம் இருந்தது. மற்றவற்றில் நான் எதையும் உற்றுப் பார்த்ததில்லை. அவரைத்தான் உற்றுப் பார்த்திருந்தேன், அதுவும் சிரிப்பதற்காக. இதை எப்படிச் சொல்வது? சொல்லாமல், அதைவிடக் கேவலமான ஒன்றைச் சொன்னேன்.

"பாப்பா கல்யாணத்துக்கு நான் ஒரு வாழ்த்துமடல் எழுதித் தாரேன்ணே. நல்ல விருத்தமா, பேரெல்லாம் வர்ற மாதிரி. அச்சடிச்சு எல்லாருக்கும் குடுப்போம்."

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த ஆளுக்கு இன்னும் புரியவில்லையா என்று பார்க்கிற பார்வை.

"எம் மக பேரு உங்க எழுத்துல வர வேணாம் சாரு" என்றார்.

ரோட்டில் ஒரு லாரி திரும்பியது. அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்குப் போனார்.

கல்யாணப் பத்திரிகையை முதலாளியிடம் கொடுத்தார். எடைமேடையில் உள்ள எல்லோருக்கும் சேர்த்து ஒரே பத்திரிகை. நான் போகவில்லை. "நீங்க வராட்டிப் போங்க, நான் போயிட்டு வாரேன்" என்று என் மனைவி மட்டும் திருச்சுழிக்குப் பஸ் ஏறினாள். சாயங்காலம் திரும்பி வந்து, சாப்பாடு நன்றாக இருந்தது, பெண்ணின் அப்பா வாசலில் நின்று கைகூப்பி எல்லோரையும் உள்ளே அனுப்பினார் என்றாள்.

ஆறு மாதம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டார். அருப்புக்கோட்டையில் ஒரு குடோனுக்குக் காவல் வேலை கிடைத்திருப்பதாக முதலாளி சொன்னார். பஸ் மாறி அலைய வேண்டியதில்லை, அதனால்தான் போகிறார் என்றார். போகும் நாளன்று என் அறை வாசலில் வந்து நின்று, "வாரேன் சாரு" என்று மட்டும் சொன்னார். அவருடைய இடத்துக்கு வந்தவருக்குக் கணீரென்ற குரல். லாரிக்காரர்களை அரட்டி ஏற்றுகிறார்.

அதற்குப் பிறகு எழுதுவதை விட்டுவிட்டேன் என்று இங்கே எழுத ஆசைதான். பொய் சொல்ல விரும்பவில்லை. இரண்டு மாதம் எழுதாமல் இருந்தேன். மூன்றாம் மாதம் ஒரு பயிற்சிக்கு ஈற்றடி கொடுத்தார்கள், கை தானாகச் சீட்டைத் திருப்பியது. இன்றுவரை குழுவில் இருக்கிறேன். விருத்தத்தில் பல வகை பழகிவிட்டேன். ஆளை வைத்து மட்டும் எழுதுவதில்லை. மழை, மாடு, மண் என்று எழுதுகிறேன். தளை தட்டுவதில்லை. யாருக்கும் ஞாபகத்தில் நிற்பதுமில்லை. நான் வெட்கப்படுகிற இன்னொன்றும் உண்டு. அந்த ஒரு பாட்டின் ஜோர் மறுபடி வராதா என்று உள்ளுக்குள் எங்கோ எனக்கு ஏக்கம் இருக்கிறது.

போன மாதம் காலையில் வேலைக்குப் போக அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். நாலைந்து அடி முன்னால் அவர் முதுகைக் காட்டி நின்றார். தோளில் ஒரு பெண் குழந்தை, இரண்டு வயதிருக்கும். மகளின் பிள்ளையாக இருக்க வேண்டும். வந்து நிற்கிற ஒவ்வொரு பஸ்ஸையும் காட்டி அது எந்த ஊருக்குப் போகிறது என்று அவர் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சத்தமாகத்தான் சொன்னார். திக்கினார். எந்தச் சொல்லையும் மாற்றவில்லை. பந்தல்குடி என்ற பேரில் வெகுநேரம் நின்றார். நின்று, விடாமல், முழுசாகச் சொல்லி முடித்தார். குழந்தை அவசரப்படாமல் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்களைப் பற்றி அவருக்குக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை.

போய்ப் பேச வேண்டும் என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். நான் முன்னால் போய் நின்றால் அந்தப் பேச்சு நின்றுபோகும் என்று பட்டது. ஒரு பழக்கடைத் தட்டிக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். அவர் தொடர்ந்து பேசினார். நானும் கேட்டுக்கொண்டே நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: என் வலது கை விரல்கள் தொடையின் மேல் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. அவர் பேச்சுக்குத் தாளம்.

கையை இறுக்கி மூடிக்கொண்டேன். பந்தல்குடி பஸ் கிளம்பியது. நான் ஏறவில்லை. அவர் அங்கிருந்து போகும்வரை தட்டிக்குப் பின்னாலேயே நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போனேன்.